புத்தூர் வெங்காயமும் சண்டிலிப்பாயும்

கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், பிரதம லிகிதராக இருந்து இளைப்பாறிய ஒருவனுக்கு மிஞ்சுவது ஓய்வூதியம், பழைய தட்டச்சுப் பொறி, எதற்கும் ஒரு நடைமுறை உண்டு என்ற நம்பிக்கை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த எங்கள் பக்கத்தில், ஓய்வூதியம் தான் நினைத்த நேரத்தில் வந்தது. தட்டச்சுப் பொறிக்கு நாடா கிடைக்கவில்லை. இருந்த நாடாவுக்கே எண்ணெய் தடவித் தடவி உயிர்கொடுத்துக் கொண்டிருந்தேன். நம்பிக்கைக்கு மட்டும் தட்டுப்பாடு இருக்கவில்லை. அதற்கு யாரும் தடை போடவுமில்லை.

அந்த நாட்களில் உரும்பிராயில், ஒரு பழைய மிஷன் பள்ளிக்கூட மண்டபத்தில், வளர்ந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்தினேன். பின்னேரம் தொடங்கி வெளிச்சம் இருக்கும்வரை வகுப்பு. மின்சாரம் என்ற சொல் அப்போது இறந்தகாலத்தில் மட்டும் வரும். மண்ணெண்ணெயை இலக்கணத்துக்குச் செலவழிக்க நான் தயாராக இல்லை. பரீட்சை எழுதும் உத்தியோகத்தர்கள், வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள், வீட்டில் சும்மா இருப்பதை மனைவி விரும்பாதவர்கள் என்று பலவகைப்பட்டோர் சைக்கிளில் வந்தார்கள். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த ஒருவரும் வந்தார். கரையில் நின்று மீனைக் கூறி ஏலத்தில் விற்றவர். மகன் நோர்வேயில்; பேரப்பிள்ளையோடு கதைப்பதற்காக ஆங்கிலம் படித்தார். அந்தப் பிள்ளை நோர்வே மொழிதான் கதைக்கும் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. ஒருநாளும் தவறாமல் வருகிற மாணவரை இழக்க எந்த வாத்தியாருக்கு மனம் வரும்?

நான் விரும்பிப் படிப்பித்த பாடம் ஒப்பீடு. ஆங்கிலத்தில் இரண்டை ஒப்பிடுவது தராசில் நிறுப்பது போன்றது. இந்தத் தட்டில் வெங்காயம் என்றால் அந்தத் தட்டிலும் வெங்காயம் இருக்கவேண்டும். 'இந்த ஊர் வெங்காயம் அந்த ஊரைவிட நல்லது' என்று எழுதினால் ஒரு தட்டில் வெங்காயமும் மற்றத் தட்டில் ஒரு முழு ஊரும், கோயில் குளத்தோடு, ஏறி உட்கார்ந்துவிடும். திரும்பத் திரும்ப ஒரே சொல்லை எழுதச் சலிப்பாக இருந்தால் ஆங்கிலேயர் அதற்கென்று ஒரு சின்னச் சொல் வைத்திருக்கிறார்கள்; அந்த இடத்தில் 'தோஸ்' என்று போட்டுவிட்டுப் போகலாம். வேறு சில இடங்களில் ஒன்றும் போடாமலே விடலாம். 'அவர் என்னைவிட வேகமாக நடக்கிறார்' என்றால், நானும் நடக்கிறேன் என்பது சொல்லாமலே விளங்கும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதுதான் பாடம்.

யாழ்ப்பாணத்தவருக்கு இது கடினம். நாங்கள் நாள் முழுவதும் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் மற்றப் பாதியை ஒருநாளும் சொல்வதில்லை. என் மனைவி ஒரு வீட்டுக்குப் போய் வந்து, "அங்கை தேத்தண்ணி நல்லாயிருந்தது" என்பார். எந்தத் தேநீரைவிட என்று நான் கேட்பதில்லை. அதற்கு முந்திய வாரம் போன வீட்டை எனக்குத் தெரியும். என் உத்தியோகமும் அப்படியே போனது. 'நிலைமை முன்னேற்றம் அடைந்துள்ளது' என்று ஆண்டறிக்கைகளில் எழுதிக்கொண்டே இருந்தேன். எப்போதைவிட என்று எந்த மேலதிகாரியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நிர்வாகம் நின்றுபோயிருக்கும்.

அந்த ஆவணியில், ஒப்பீட்டுப் பாடத்துக்கு, வேண்டுமென்றே ஒரு பிழையான வசனத்தைக் கரும்பலகையில் எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், பொருள் இதுதான்: புத்தூர் வெங்காயம் சண்டிலிப்பாயைவிட நல்லது.

"இதிலை என்ன பிழை?" என்று கேட்டேன்.

சண்டிலிப்பாயிலிருந்து வரும் விஞ்ஞான ஆசிரியை கையை உயர்த்தினார். முப்பது வயது தாண்டியவர், வகுப்பில் கெட்டிக்காரி.

"பெரிய பிழை இருக்கு சேர். புத்தூர் வெங்காயம் நல்லதெண்டு ஆர் சொன்னது?"

வகுப்பு சிரித்தது. பின்வரிசை வாங்கிலிருந்து புத்தூர் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர், சட்டைப் பையில் எப்போதும் பேனாவோடு வருகிற அடக்கமான மனிதர், எழுந்தார்.

"சேர் எழுதினதிலை ஒரு பிழையும் இல்லை."

"நான் வேணுமெண்டுதான் பிழையா எழுதினனான்" என்றேன். யாரும் கேட்கவில்லை.

"உங்கடை வெங்காயம் பாக்கத்தான் வடிவு" என்றார் ஆசிரியை, என்னைப் பார்த்தபடி, அவருக்கு. "வெட்டிச் சம்பல் போட்டால் தண்ணி."

"உங்கடையைக் கட்டித் தூக்கினால் மாசம் முடிய முன்னம் முளைச்சுப்போம். பேந்து திரும்ப நடவேண்டியதுதான்" என்றார் அவர், கரும்பலகையைப் பார்த்தபடி.

குருநகர்க்காரர் முன்வரிசை வாங்கிலிருந்து திரும்பி, "எங்களுக்கெண்டால் வெங்காயம் மீனுக்குப் பக்கத்திலை கிடந்தால் காணும். எந்த ஊரெண்டு மீன் கேக்காது" என்றார். இரண்டு ஊர்க்காரரும் அவரை வாய்மூடச் சொன்னார்கள்.

இந்தச் சண்டையில் வகுப்பு ஏன் அவ்வளவு உற்சாகப்பட்டது என்றால், அந்த இருவருக்கும் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது. கலியாணப் பேச்சைத்தான் சொல்கிறேன். சாதகம் பொருந்திவிட்டது, இரண்டு தகப்பன்மாரும் நேரில் இருந்து முடிவுசெய்வது மட்டும் பாக்கி. எங்கள் ஊர் முறைப்படி, பேச்சு முடியும்வரை இருவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள். மாதக்கணக்காக வகுப்பின் இரண்டு மூலைகளில் இருந்து, ஒரே பாடத்தைப் படித்து, ஒரு சொல் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் முதன்முதல் சபையில் பேசிக்கொண்டது வெங்காயத்தைப் பற்றி.

செய்தி சைக்கிளில் புத்தூர் போய்ச் சேர்ந்தது. போகும் வழியில் வளர்ந்தது. ஆசிரியை சொன்னது புத்தூர் வெங்காயம் தண்ணி என்று. நீர்வேலி தாண்டும்போது, அவர் சொல்லாமல் விட்ட பாதியை ஊர் நிரப்பிவிட்டது: புத்தூர் ஆட்களும் தண்ணிதானாம். புத்தூர்த் தகப்பனாருக்கு ஊர் முழுக்க மதிக்கும் வெங்காயத் தோட்டம். "கலியாணம் முடியமுன்னமே எங்களைத் தண்ணியெண்டு சொல்லுற பிள்ளை, பேந்து என்ன சொல்லும்? கதை நிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஆசிரியை என் வீட்டுக்கு வந்தார். மனைவி கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"கதையை நிப்பாட்டிப் போட்டினம் சேர்."

"கேள்விப்பட்டன்."

"முந்தி வந்த மூண்டு கதையும் குழம்பினது. அதுக்கெல்லாம் நான் கவலைப்படேல்லை." அதோடு நிறுத்திவிட்டார்.

ஒப்பீட்டின் மற்றப் பாதி வரவில்லை. வாத்தியார் என்ற முறையில் அதைக் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை, அவ்வளவு தெளிவான வசனத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"அப்ப ஒரு சொல்லு, பகிடிக்குச் சொன்னனான் எண்டு சொல்லிவிட்டால் முடிஞ்சுதே?"

"நான் பகிடிக்குச் சொல்லேல்லையே. எங்கடை வெங்காயம்தான் திறம்."

"பிள்ளை, கலியாணம் முக்கியமோ, வெங்காயம் முக்கியமோ?" என்று கேட்டார் என் மனைவி.

"கலியாணத்துக்காகப் பொய் சொன்னால், பேந்து சாகும்வரை அவையின்ரை வெங்காயத்தைப் புகழவேண்டி வருமே மாமி" என்றார் ஆசிரியை. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து, "உண்மைதான்" என்றார். அந்தப் பார்வையை நான் ஆராயவில்லை.

ஒருவரும் இறங்கிவரமாட்டார்கள் என்று தெரிந்தால் அரசாங்கம் என்ன செய்யும்? விசாரணைக்குழு அமைக்கும். உண்மையைக் கண்டுபிடிக்கக் குழு அமைப்பதில்லை. கோபம் ஆற நேரம் எடுக்கவும், வேறு எங்கும் சந்திக்காதவர்களை ஒரே அறையில் இருத்தவும்தான் அது உதவும். அதற்கான நடைமுறை எனக்கு மனப்பாடம். பழைய படிவங்களின் பின்பக்கத்தில் தட்டச்சுச் செய்தேன்: 'விடயம்: வெங்காயத்தின் தரம் பற்றிய விசாரணை. மேற்படி விடயம் சார்பாகத் தாங்கள் நிபுணத்துவ சாட்சியாகச் சமூகமளிக்குமாறும், தங்கள் தோட்டத்து வெங்காயத்தில் ஒரு கட்டினை முத்திரையிட்ட பையில் முன்கூட்டியே ஒப்படைக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.' தோட்டக்காரரைச் சண்டைக்குக் கூப்பிட்டால் வராமல் விடுவார். கலியாணத்துக்குக் கூப்பிட்டாலும் யோசிப்பார். நிபுணர் என்று தட்டச்சில் அடித்துக் கூப்பிட்டால் இரண்டு மணித்தியாலம் முன்னதாக வந்து நிற்பார்.

தலைவராகக் குருநகர்க்காரரை நியமித்தேன். இரண்டு ஊருக்கும் உறவில்லாதவர், வெங்காயம் நடாதவர், குரல் பெரியவர். செயலாளர் நான்.

சனிக்கிழமை காலையில் இரண்டு பைகளும் என் கைக்கு வந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் சில வெங்காயம் மட்டும் எடுத்து, மீதியைக் கட்டோடு பைக்குள் விட்டு, பையின் வாயை மறுபடி கட்டி, 'அ' என்றும் 'ஆ' என்றும் குறியிட்டேன். எது யாருடையது என்பது எனக்கு மட்டும் தெரியும். மனைவி தனித்தனியாக இரண்டு சம்பல் போட்டுத் தந்தார். உப்பும் மிளகாயும் தேசிக்காயும் அளவு பிசகாமல். நான் பக்கத்தில் நின்று கண்காணித்தேன். "இவ்வளவு நாளும் குசினிப் பக்கம் வராத மனுசன்" என்று அவர் சுவரிடம் சொன்னார்.

மண்டபம் நிரம்பியிருந்தது. வகுப்பு முழுவதும் வந்திருந்தது; வகுப்புக்குச் சம்பந்தமில்லாதவர்களும் வந்திருந்தார்கள். புத்தூர்த் தகப்பனார் வெள்ளை வேட்டியில், உயரமாக, ஒரு பக்கத்தில். இடதுகையால் வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். சண்டிலிப்பாய்த் தகப்பனார் மற்றப் பக்கத்தில். குட்டையான, சுறுசுறுப்பான மனிதர். அன்றைக்கு மட்டும் சுறுசுறுப்புக் காணவில்லை. நெற்றியைச் சால்வையால் துடைத்தபடி இருந்தார். ஆசிரியை கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார். முகாமையாளர் கதவுக்குப் பக்கத்தில். தெரியாதவர்கள் என்ற முறை இன்னும் தொடர்ந்தது.

பாண் துண்டில் சம்பல் வைத்துக் கொடுத்தோம். தலைவர் முதலில் சுவைத்தார். கண்ணை மூடினார். கரையில் பாரைமீனைக் கூறும் குரலில் அறிவித்தார்:

"ரெண்டும் ரெண்டு விதம்! 'அ' காரம் கூட, பிடிச்சு இழுக்குது. 'ஆ' இனிப்பு, பிறகுதான் சுள்ளெண்டுது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!"

சபை பிரிந்தது. 'அ'தான் திறம் என்று ஒரு கூட்டம். 'ஆ'வுக்குப் பக்கத்தில் 'அ' நிற்கவே ஏலாது என்று மற்றக் கூட்டம். எது எந்த ஊர் என்று தெரியாததால், ஆர்வக்கோளாறில் புத்தூர்க்காரர் சிலர் 'ஆ'வுக்கும் சண்டிலிப்பாயார் சிலர் 'அ'வுக்கும் வாதாடினார்கள். நான் இரண்டு பக்கத்தையும் எழுதிக்கொண்டேன். செயலாளர் குறிப்பெடுப்பவர் மட்டுமே.

நிகழ்ச்சிநிரலின் கடைசி விடயம் 'மாதிரிகளை இனங்காணல்'. சபையின்முன் பைகளைத் திறந்து, உரியவர்கள் தங்கள் பொருளை அடையாளம் காட்டவேண்டும். எந்த விசாரணையிலும் அது கட்டாயம். பைகளைத் திறந்து இரண்டு கட்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். புத்தூர்த் தகப்பனார் எழுந்து வந்தார். தன் கட்டை எடுத்துப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு மற்றக் கட்டையும் எடுத்தார். தோட்டக்காரர் கை அப்படிச் சும்மா இராது. வெங்காயத் தாளைக் கோலிக் கட்டிய பனையோலை ஈர்க்கின் முடிச்சை விரலால் தடவினார். மறுபடி தன்னுடையதைப் பார்த்தார். அவர் பார்த்ததால் நானும் பார்த்தேன்.

இரண்டு முடிச்சும் ஒரே பக்கம் விழுந்திருந்தன. எல்லாரும் கட்டும் பக்கமல்ல, மற்றப் பக்கம்.

"செயலாளர் ஐயா" என்றார், மேசைக்கு மேலாகக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்க. "உதும் என்ரை கட்டு. நான் இடக்கையாலை முடியிறனான். உந்த முடிச்சு இந்தப் பக்கத்திலை வேறை ஒருத்தரும் போடாயினம்."

எனக்கு விளங்கியது. அந்தமுறை சண்டிலிப்பாய்த் தகப்பனாரின் வெங்காயம் மழையில் நனைந்து கெட்டிருக்கவேண்டும், அல்லது முழுவதையும் விற்றிருக்கவேண்டும். மகள் சபையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றச் சந்தைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். ஆயுள் முழுக்க வெங்காயம் கட்டிய மனிதர், வாங்கியதை அவிழ்த்துத் தன் கையால் மறுபடி கட்டவேண்டும் என்று நினைக்கவில்லை. இனங்காணல் என்ற விடயத்தை நிரலில் சேர்க்காமல் விட்டிருந்தால் எல்லாம் சம்பலோடு முடிந்திருக்கும். ஆனால் சேர்க்காமல் ஒரு விசாரணை எப்படி நடத்துவது?

"சபைக்கு அறிவிக்கவேணுமோ?" என்று கேட்டேன். அவர் அறிவித்தால் அந்தப் பெண்ணின் தகப்பன் ஊர் நடுவே பொய்யர். அதற்குப் பிறகு பேச்சுக்கால் என்ன, பேச்சே இராது. ஆசிரியை எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முடிச்சுத் தெரியாது; தகப்பனின் முகம் தெரிந்தது.

"பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு, புத்தூர்த் தகப்பனார் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் மற்றப் பக்கம் நடந்தார். குறிப்புப் புத்தகத்தோடு நானும் பின்னால் போனேன். சாட்சிகள் தனியே கதைக்கும்போது செயலாளர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது நடைமுறை. அப்படி ஒரு நடைமுறை இல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

"எங்கை எடுத்தனீங்கள்?" குரல் தாழ்ந்திருந்தது.

சண்டிலிப்பாய்த் தகப்பனார் எழுந்து நின்றார். மறைக்கவில்லை. "திருநெல்வேலிச் சந்தையிலை, அண்ணை."

"கனபேற்றை வெங்காயம் கிடந்திருக்குமே?"

"மலைபோலக் கிடந்தது."

"பேந்தேன் உதை எடுத்தனீங்கள்?"

"பிள்ளை வாய்விட்டுப் போட்டாள். அவளை விட்டுக்குடுக்க ஏலுமே? நேத்துக் காலமையிலை இருந்து சந்தை முழுக்கச் சுத்தினனான். எல்லாத்தையும் கையிலை எடுத்துப் பாத்தன். உதுக்குக் கிட்ட ஒண்டும் வரேல்லை." பிறகு முடிச்சைப் பார்த்தார், புத்தூராரின் கையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

புத்தூர்த் தகப்பனாரின் முகத்தில் நடந்ததை விவரிப்பது கடினம். கோபமாக இருக்க அவர் மிகவும் முயன்றார். ஆனால் பரம்பரைத் தோட்டக்காரன் ஒருவன், வெல்லவேண்டிய நாளில், ஊரறிந்த சந்தை முழுவதையும் தடவிப் பார்த்து, யாருடையது என்று தெரியாமலே இவருடைய வெங்காயத்தைத் தெரிந்தெடுத்திருக்கிறான். இதைவிடப் பெரிய நற்சான்றிதழை எந்தத் திணைக்களமும் வழங்கியதில்லை. மீசைக்குக் கீழே சிரிப்பு வந்தது. சால்வையால் மூடப் பார்த்தார், முடியவில்லை.

சபைப்பக்கம் திரும்பிக் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"பிள்ளை சொன்னது சரி" என்றார் உரக்க. "உது திறம் வெங்காயம்."

சண்டிலிப்பாயார் கைதட்டினார்கள். புத்தூர்க்காரர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த ஊர் வெங்காயம், எதைவிடத் திறம் என்று அவர் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை. 'இரண்டு மாதிரிகளுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை' என்று நான் குறிப்பில் எழுதினேன். என் உத்தியோக வாழ்வில் எழுதிய எந்த அறிக்கையும் இவ்வளவு உண்மையாக இருந்ததில்லை.

"என்ன வேறுபாடு இல்லையோ? மலைக்கும் மடுவுக்கும் எண்டு தலைவர் நான் சொன்னது?" என்று குருநகர்க்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சத்தம்போட்டார். பாண் இன்னும் மீதி இருக்கிறது என்று சொல்லி அவரை மேசைப்பக்கம் அனுப்பினேன்.

சண்டிலிப்பாய்த் தகப்பனார் இன்னும் அதே இடத்தில் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணை, குறை நினைக்கப்படாது. உந்த இனத்திலை விதை வெங்காயம் கொஞ்சம் எடுக்கலாமோ?" என்றார்.

"நீங்கள் ஏன் எடுக்கப் புத்தூர்வரைக்கும் வாறியள்?" என்றார் புத்தூர்த் தகப்பனார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண்வீட்டில் குடியேறுவது ஆண்தான். "தையிலை மாப்பிளை உங்கடை வீட்டை வரேக்கை, கொண்டு வருவார்."

கதவுப்பக்கம் நின்ற முகாமையாளர், பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, பார்த்து, மறுபடி பைக்குள் வைத்தார். ஆசிரியை அவரை முதன்முறையாக நேராகப் பார்த்தார்.

"கொண்டுவாறது சரி," என்றார், எல்லாருக்கும் கேட்க, "நடுறது எங்கடை முறையிலைதான்."